ஏலமலையின் நஞ்சும் ஊமத்தை இனத்தின் மாற்றும்

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலம் விடப்படுகிறது. இவ்வாக்கியத்தில் ஒரே ஒலியுடைய இரு சொற்கள் அருகருகே நிற்கின்றன. ஆனால் அவை இரண்டும் பிறந்த இடங்கள் வேறு. முதலாவது ஏலம் செடியின் பெயர். வடமொழியின் ஏலா, பாரசீகத்தின் ஹில், அரபியின் ஹேல் ஆகியவை இதன் உறவுச் சொற்கள் என்பர் மொழிநூலார். இரண்டாவது ஏலம் போர்த்துக்கீசியரின் லெய்லாவ் என்னும் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. அந்தச் சொல்லோ, ஐபீரிய மண்ணில் அரபியர் வாழ்ந்த காலத்தில் 'அறிவித்தல்' என்னும் பொருள் தரும் இஃலாம் என்ற அரபுச் சொல்லின் வழியாகப் பிறந்தது. ஆக, விற்கப்படும் பொருளின் பெயரும் விற்கும் முறையின் பெயரும் ஏதோவொரு வழியில் அரபியோடு உறவாடுகின்றன. 2007ஆம் ஆண்டு முதல் நறுமணப் பொருள் வாரியம் இங்கும், கேரளப் பகுதியிலும் கணினி வழியே ஏலத்தை நடத்தி வருவதால், கூவி அறிவிக்கும் வழக்கம் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

ஏற்றுமதியாகும் காயின் பெரும்பகுதி செல்லும் திசையும் நீண்ட காலமாக அரபு நாடுகளே. வளைகுடா நாட்டு இல்லங்களில் விருந்தினருக்கு முதலில் தரப்படும் கஹ்வா, ஏலக்காய் இன்றி நிறைவு பெறுவதில்லை. மலாகாவில் பிறந்து ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்த அறிஞர். அவருக்கு முன்னரே அல்பீரூனி, இப்னு சீனா போன்றோர் மருந்துச் சரக்குகளை வரிசைப்படுத்தி எழுதியுள்ளனர். அரபு மருத்துவ நூல்களில் ஏலக்காய் 'காகுல்லா' என்ற பெயரில் பெரியது, சிறியது எனப் பிரித்துப் பேசப்படுகிறது. அது வயிற்றுக்கு நல்லது, குமட்டலை நிறுத்துவது என்பன போன்ற குறிப்புகள் நம் சித்த மருத்துவக் கருத்துகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. இன்றைய ஆய்வாளர் அக்காயின் எண்ணெயைப் பகுத்து, சினியோல், டெர்பினைல் அசிட்டேட் ஆகிய இரண்டும் அதில் மிகுதி என்று கூறுகின்றனர். ஆய்வுக்கூட விலங்குகளிடம் அது குடல் பிடிப்பைத் தளர்த்தியதாகவும் கட்டுரைகள் உள்ளன. விலங்கிடம் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொல்ல இன்னும் நெடுந்தொலைவு போக வேண்டும் என்பதால் அதனை இத்துடன் விடுவோம்.

ஏலக்காயை உண்பவரின் உடல்நலம் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதனை விளைவிப்பவரின் உடல்நலம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சில. அரபுக் கல்லூரியில் இலக்கணமும் இலக்கியமும் நடத்தும் நமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். நம்மிடம் பயிலும் மாணவர் சிலரின் தந்தையரும் அண்டை வீட்டாரும் ஏலமலைக்குக் கூலிக்குப் போகிறவர்கள் என்பதே விடை.

விடியற்காலையில் போடியிலிருந்தும், தேவாரம், கம்பம் போன்ற ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை நிறைத்துக்கொண்டு மலையேறுகின்றன. போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்: பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம். வீடும் வாக்குச்சீட்டும் தமிழ்நாட்டில். வேலையும் கூலியும் கேரளத்தில். இந்த எல்லைக்கோடு பின்னர் நம் பேச்சில் மீண்டும் வரும்.

ஏலச்செடி நிழலும் ஈரமும் விரும்புவது. அதே நிழலும் ஈரமும் பூச்சிகளுக்கும் உவப்பானவை. இலைப்பேன் காயின் தோலைச் சுரண்டிச் சொறி உண்டாக்கும்; சொறிக்காய்க்கு ஏலத்தில் விலையில்லை. தண்டுத்துளைப்பான் தண்டையும் காயையும் குடையும். வேர்ப்புழு மண்ணுக்கு அடியிலிருந்து தாக்கும். ஆதலால் ஏலம் நம் நாட்டில் மிக அதிகமாகப் பூச்சிமருந்து தெளிக்கப்படும் பயிர்களுள் ஒன்றாகிவிட்டது. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் முதலிய ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் இம்மலையில் நீண்டகாலம் புழங்கி வருபவை. மருந்தடிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. டிரம்மில் கலக்கிய மருந்தை மோட்டார் பம்பு இழுத்துத் தர, நீண்ட குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சரிவில் ஏறி இறங்கி அடிக்கிறார். செடி ஆளுயரத்தை விஞ்சி நிற்பதால் மேலே அடித்த மருந்து தழையிலிருந்து சொட்டி அவர் மீதே விழுகிறது. மலைக்காற்று திசை மாறும்போது முகத்திலும் படுகிறது. மருந்து மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும் என்றெண்ணித் துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்பவர் பலர். உண்மையில் இத்தகைய வேலையில் நஞ்சு புகும் முதன்மை வாயில் தோலே. நனைந்த சட்டையை மாலைவரை உடுத்தியிருப்பது, நஞ்சில் தோய்த்த துணியால் உடம்பைப் போர்த்திக்கொள்வதற்கு ஒப்பாகும். கட்டிய துண்டும் நனைந்துவிட்டால் அதே கதைதான்.

இந்நஞ்சு உடலில் என்ன செய்கிறது? நரம்பு தன் கட்டளையைத் தசைக்கோ சுரப்பிக்கோ அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்னும் பொருளைத் தன் முனையில் சுரக்கிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததும், கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அப்பொருளை நொடிக்குள் சிதைத்துவிடுகிறது. கதவைத் தட்டியவரை உடனே திருப்பி அனுப்பும் வாயிற்காவலன் போன்றது அந்நொதி. ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து இக்காவலனைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பிறகு தட்டல் ஓய்வதில்லை. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். கண்ணீர், உமிழ்நீர், வியர்வை பெருகும். நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறும். நாடி தளரும். தசைகள் தாமே துடித்துப் பின் செயலிழக்கும். சிறிய அளவில் நஞ்சேறினால் தலைவலி, குமட்டல், கண் மங்கல், கை நடுக்கம் என்ற அளவில் நின்றுவிடும். மலையில் இதனைப் 'பித்தம்' என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவோர் உண்டு.

இந்நொதியைப் பற்றிய அறிவு ஒரு செடியிலிருந்தே மனிதனுக்குக் கிடைத்தது என்பதுதான் வியப்பு. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒருவகை அவரைக் கொட்டையைத் தின்னக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி, மடிந்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கும் வழக்கம் இருந்தது. 1855இல் எடின்பரோவின் இராபர்ட் கிறிஸ்டிசன் என்னும் மருத்துவப் பேராசிரியர் அக்கொட்டையைத் தாமே தின்று பார்த்தார், தப்பிப் பிழைத்தார். 1864இல் அதிலிருந்து பைசோஸ்டிக்மின் என்ற சத்து பிரித்தெடுக்கப்பட்டது. 1921இல் ஓட்டோ லோவி தவளையின் இதயத்தை வைத்து, நரம்பின் கட்டளை ஒரு வேதிப்பொருளின் மூலமே செல்கிறது என்று மெய்ப்பித்தார். சில ஆண்டுகளுக்குப் பின், பைசோஸ்டிக்மின் அப்பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது என்பதையும் காட்டினார். இதற்காக அவரும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதே 1936இன் இறுதியில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் வேதியியலார் புதிய பூச்சிமருந்து தேடுகையில் டாபுன் என்ற ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சைக் கண்டார். அது உடனே படைத்துறையின் கைக்குப் போயிற்று. அக்குடும்பத்தின் வீரியம் குறைந்த உறவுகளே பின்னர் வயலுக்கு வந்தன. பைசோஸ்டிக்மினின் வேதி அமைப்பைப் பின்பற்றியோ கார்பமேட் என்னும் மற்றொரு பூச்சிமருந்து வகை பிறந்தது. அவ்வகையைச் சேர்ந்த கார்பரில் மருந்துக்கான இடைப்பொருளே 1984இல் போபாலில் கசிந்த நச்சுவாயு. 'இயற்கை' என்றாலே தீங்கற்றது என்று எழுதும் நண்பர்கள் இவ்வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி மாற்று மருந்துக்கு வருவோம். அதுவும் செடியே தந்தது. ஐரோப்பாவின் பெல்லடோனா, அரபு மருத்துவர் 'பன்ஜ்' என்றழைத்த செடி, 'யப்ரூஹ்' என்ற மனித வடிவ வேர், நம் ஊர்ப் பாதையோரத்தில் வெண்மையாகவும் ஊதாவாகவும் பூத்துநிற்கும் ஊமத்தை ஆகிய அனைத்தும் கத்தரிக்காயின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அனைத்திலும் அட்ரோபின் இனத்துச் சத்துகள் உள்ளன. ஊமத்தைக்குத் தாவரவியலார் இட்ட டட்டூரா மெட்டல் என்ற பெயரின் பின்பகுதி, இப்னு சீனா முதலியோர் குறிப்பிடும் 'ஜவ்ஸ் மாஸில்' என்னும் அரபுப் பெயரின் திரிபு. முன்பகுதியோ இந்திய மொழிகளின் தத்தூரம். பன்ஜ் என்ற சொல் இன்றும் அரபு நாட்டு மருத்துவமனைகளில் மயக்க மருந்தைக் குறிக்கப் பேச்சுவழக்கில் வழங்குவது, முன்னோர் அச்செடியை எதற்குப் பயன்படுத்தினர் என்பதற்குச் சான்று.

ஜெர்மானிய மருந்தாளர் மெயின் 1831இல் பெல்லடோனாவிலிருந்து அட்ரோபினைத் தூய நிலையில் பிரித்தார். கலபார் கொட்டையின் நஞ்சும் அட்ரோபினும் ஒன்றையொன்று எதிர்ப்பவை என்பதை 1864இலேயே பிராகு நகரில் ஒரு மருத்துவர் பயன்படுத்திப் பார்த்தார்: அட்ரோபின் குடித்து மயங்கியவர்க்குக் கொட்டையின் சாற்றைக் கொடுத்தார். இன்று நாம் செய்வது அதன் மறுதலை. அட்ரோபின் கட்டுண்ட காவலனை விடுவிப்பதில்லை. தட்டப்படும் கதவை அடைத்துவிடுகிறது. அதாவது அசிட்டைல்கோலின் சென்று பொருந்தும் ஏற்பிகளுள் ஒரு வகையை அது மறைத்துக்கொள்கிறது. ஆதலால் நெஞ்சின் நீர் வற்றுகிறது, நாடி எழுகிறது, மூச்சு சீராகிறது. தசைகளில் உள்ள ஏற்பிகள் வேறு வகையின. அங்கு அட்ரோபினால் பயனில்லை. தசை தளர்ந்தவருக்குச் செயற்கை மூச்சுக் கருவியே துணை.

இதைப் படித்துவிட்டு ஊமத்தையைப் பறித்து வந்து காய்ச்சிக் கொடுக்க எவரும் முற்பட வேண்டாம். ஒரு செடியின் சத்தளவு மற்றொன்றில் இராது. விதையில் உள்ளது இலையில் இராது. அளவு மீறினால் பிதற்றலும் சாவும் நேரும். செடிக்கும் மருந்துக்கும் இடையே நிற்பது அளவு என்ற ஒன்றுதான். அதனை அறுதியிட மனித குலத்திற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

அந்த அளவைப் பற்றிய ஆராய்ச்சி நம் அண்டை நாடுகளில்தான் சிறப்பாக நடந்தது என்பதைப் பெருமையோடும் வருத்தத்தோடும் சொல்ல வேண்டும். இந்நஞ்சால் மடிவோர் இங்கே மிகுதி என்பதே காரணம். நஞ்சேறியவர் தேறிவிட்டார் என்று எண்ணும் வேளையில், ஓரிரு நாள்கள் கழித்து, கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரெனத் தளர்வதை 1987இல் இலங்கையின் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் விளக்கி, அதற்கு 'இடைநிலை நோய்த்தொகுதி' என்று பெயரிட்டனர். கட்டுண்ட நொதியை விடுவிக்கும் பிராலிடாக்சைம் என்ற மருந்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1990களில் சோதித்தபோது பயன் தென்படவில்லை. மகாராஷ்டிராவின் பாராமதியில் உயர்ந்த அளவில் தொடர்ந்து செலுத்தியபோது பயன் கிடைத்ததாக 2006இல் எழுதினர். 2009இல் வெளிவந்த இலங்கை ஆய்விலோ மீண்டும் பயன் காணப்படவில்லை. ஆனால் அட்ரோபினைப் பற்றிக் கருத்து வேற்றுமை இல்லை. எவ்வாறு கொடுப்பது என்பதே வினாவாக இருந்தது. வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வு அதற்கு விடை கூறிற்று. பழைய முறைப்படி இடைவெளி விட்டு ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 22.5 பேர் இறந்தனர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போய், நெஞ்சு தெளிந்தபின் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 8 பேரே இறந்தனர். மருந்து அதே மருந்து. முறை மட்டும் மாறியது.

நம் நாட்டில் அட்ரோபின் பெரும்பாலும் 0.6 மில்லிகிராம் குப்பிகளாக வருகிறது. நஞ்சு கடுமையானால் தொடக்கத்திலேயே மூன்று முதல் ஐந்து குப்பி தேவை. இரட்டித்துக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் ஐம்பது, நூறு குப்பிகளும் செலவாகலாம். மலையடிவாரத்து மருத்துவமனைகளின் அலமாரியில் எத்தனை குப்பிகள் இருக்கின்றன என்பது வெறும் கணக்கு வழக்கன்று, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நோயாளி உயிரோடு அடைவாரா என்பதை முடிவு செய்வது அது. உடன் செல்வோர் மருந்துப் புட்டியின் சீட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். எல்லாப் பூச்சிமருந்துக்கும் அட்ரோபின் மாற்றன்று. 2011இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த எண்டோசல்பான் முற்றிலும் வேறு வகை நஞ்சு; அதற்கு இது பயன்படாது.

இந்த ஆய்வுகளில் ஒரு குறை உண்டு. அவற்றில் இடம்பெற்ற நோயாளிகள் பெரும்பாலும் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றோர். வேலையின்போது நாள்தோறும் சிறிது சிறிதாக நஞ்சேறுபவரின் நிலை வேறு. அவருக்கு அட்ரோபின் ஊசி விடையன்று. அவரது இரத்தத்தில் அந்நொதி எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதே விடை. ஆர்கனோபாஸ்பரஸ் முற்றிலும் கட்டிப்போட்ட நொதி மீள்வதில்லை. புதிதாக உண்டாக வேண்டும். சிவப்பணுவில் உள்ள நொதி நாளொன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வீதமே மீளும். ஆதலின் இரண்டு வாரத்துக்கொருமுறை மருந்தடிப்பவரின் இரத்தத்தில், முதல் தடவை இழந்தது நிரம்பும் முன்னரே அடுத்த இழப்பு நேர்ந்துவிடுகிறது. அறிகுறி ஏதுமின்றிக் கையிருப்பு குறைந்துகொண்டே வரும். ஒருநாள் வழக்கமான அளவு மருந்தே அவரைச் சாய்த்துவிடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் இதற்கு விதி உண்டு. தொழிலாளியின் இயல்பான அளவு முதலில் பதிவு செய்யப்படுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வேலைமுறை ஆராயப்படும். சிவப்பணு நொதி நூற்றுக்கு 70க்கு இறங்கினால் அவர் மருந்தடிக்கும் வேலையிலிருந்து விலக்கப்பட்டு, 80க்கு ஏறிய பின்பே திரும்ப முடியும். இதனைப் படிக்கும் வாசகர், நம் நாட்டில் இத்தகைய சட்டம் இல்லையே என்று ஏங்குவார். ஏங்க வேண்டியதில்லை; சட்டம் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகளில் 37ஆம் விதி, மருந்து தெளிப்போர் வேலைக்கு முன்னும் பின்னர் ஆண்டுதோறும் மருத்துவரால் சோதிக்கப்பட வேண்டும் என்றும், ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகைகளைக் கையாள்வோரின் கோலினெஸ்டரேஸ் அளவு மாதந்தோறும் பார்க்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. அடுத்து வரும் விதிகள் முதலுதவி, காப்புடை, மூச்சுக் கவசம் ஆகியவற்றை விதிக்கின்றன. ஏலமலையில் பத்தும் இருபதும் ஆண்டுகள் மருந்தடித்த பலரிடம் நாம் விசாரித்தோம். இந்தச் சோதனைக்காக இரத்தம் கொடுத்ததாக ஒருவரும் கூறவில்லை; அப்படியொரு சோதனை உண்டு என்பதையே பெரும்பாலோர் அறியவில்லை.

காயின் நிலை வேறு. சவூதி அரேபியா எச்ச நஞ்சின் வரம்பைக் கடுமையாக்கி இந்திய ஏலக்காயைத் திருப்பியபோது வணிகரும் வாரியமும் விழித்துக்கொண்டனர், ஆய்வுக்கூடங்கள் மும்முரமாயின. 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் 14 வகைப் பூச்சிமருந்துகளின் எச்சம் வரம்பை மீறியிருப்பதாக ஆய்வறிக்கை வந்து, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது வேறு செய்தி. ஒரு கிலோ காயில் உள்ள நஞ்சைக் கோடியில் ஒரு பங்குவரை அளந்து சொல்லும் கருவிகள் நம்மிடம் உள்ளன என்பது இதனால் தெரிகிறது. அக்காயில் எச்சமாக நின்ற நஞ்சு, அடித்த மனிதரின் மீது எத்தனை மடங்கு படிந்திருக்கும் என்பதை அளக்கும்படி எந்த நீதிமன்றத்திலும் எவரும் கேட்கவில்லை. உண்பவருக்கு வாங்கும் வலிமை உண்டு; அடிப்பவருக்கு அது இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு எழுதிய கைநூலில் மருந்துச் சரக்கு விற்போரையும் மருத்துவரையும் எவ்வாறு சோதிப்பது என்று தனித்தனி இயல்கள் வகுத்தார். அங்கும் கண் சரக்கின் மீதே பெரிதும் சென்றது. இது பழைய நோய்தான்.

சட்டம் ஏன் மலையேறவில்லை என்பதற்குக் காரணங்கள் தெளிவாகவே உள்ளன. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010இல் ஒரு திருத்தம் வந்து, பூச்சிமருந்து கையாள்வோர்க்குப் பயிற்சி, மருத்துவச் சோதனை, காப்புடை ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாக்கிற்று. அதன் சாரம் 2020ஆம் ஆண்டுப் பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால் தோட்டம் என்பதற்கான வரையறை ஐந்து எக்டேர் முதல் தொடங்குகிறது. ஏலமலையின் பெரும்பாலான உடைமைகள் அதற்கும் சிறியவை. மேலும், நாள்கூலியாக எல்லை தாண்டிச் செல்பவர் எந்தத் தோட்டத்துப் பதிவேட்டிலும் நிலையாக இருப்பதில்லை. இந்த வாரம் ஒருவரிடம், அடுத்த வாரம் இன்னொருவரிடம். வேலையின்போது நஞ்சேறியது கேரளத்தில்; இரவில் வாந்தியெடுத்துச் சேர்க்கப்படுவது தமிழ்நாட்டு மருத்துவமனையில். அங்கே பெரும்பாலும் 'காய்ச்சல், வாந்தி' என்றே பதிவாகும். இரு மாநிலக் கணக்கிலும் அவர் தொழில்நோயாளி ஆகார்.

காய் பறிக்கும் பெண்களை நாம் மறந்துவிடலாகாது. மருந்தடித்த இடத்தில் மறுநாளே தூருக்கருகே குனிந்து காயெடுப்பவர்கள் அவர்கள். போடியின் குடோன்களில் காயைத் தரம் பிரிப்போரும் பெண்களே. காயின் தூசும் சாறும் சிலருக்குத் தோலழற்சி உண்டாக்கும் என்பதை, 1975இல் ஸ்வீடன் மருத்துவர்கள் இனிப்புத் தயாரிக்கும் ஒருவரின் கைப்புண்ணை ஆராய்ந்து எழுதினர். மருந்தடித்தவரின் சட்டையை வீட்டில் துவைப்பவரும் பெண்தான். அதனைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது என்ற எளிய செய்திகூட இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

தோட்ட உரிமையாளரைக் காத்திராமல் ஊரளவில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. போடியிலும் கம்பத்திலும் இரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம் நடத்தும் பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் பிற சமூக அமைப்புகளும் நிறைய இருக்கின்றன. மருத்துவக் கல்லூரியின் துணையோடு கோலினெஸ்டரேஸ் அளவைப் பதிவு செய்யும் முகாம் ஒன்றை அவை நடத்தலாம். ஒவ்வொருவரின் இயல்பான அளவும் மற்றவரினின்று வெகுவாக வேறுபடுவதால், ஒருமுறை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல இயலாது. முதல் அளவை ஓர் அட்டையில் எழுதி அவரிடமே கொடுத்துவிட வேண்டும். எல்லையின் எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டாலும் மருத்துவர் அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்த முதல் அளவை எடுக்க, குறைந்தது 30 நாள்களாவது மருந்து படாதிருந்த உடலாக இருத்தல் நலம். அப்படியொரு மாதம் எப்போது வாய்க்கும் என்று மருந்தடிப்பவர் ஒருவரிடம் கேட்டோம். சற்று எண்ணிவிட்டு, கோடை மழை தொடங்குமுன் பங்குனியில் சில தோட்டங்களில் வேலை குறையும், அப்போது கூப்பிட்டால் தம் ஜீப்பில் வரும் பதினான்கு பேரையும் அழைத்து வருவதாகச் சொன்னார்.